காடி வந்து மறித்தது

“இவ்ளோ நீளத்த யாரு மேடம் மனப்பாடம் பண்ணுனா?”

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், தென்காசியில் ஒரு தனியார் கல்லூரியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வகுப்பில், கடைசி பெஞ்சிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தது. கேட்டவள் அபர்ணா, செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கேள்வியை வாங்கிக்கொண்ட நிர்மலாதேவிக்குத்தான் அதற்குப் பிறகு நிம்மதி இல்லாமல் போயிற்று.

அன்று நடத்தியது கிரேக்கப் பெருங்காப்பியம். பாடத்திட்டத்தில் அதற்கு ஆறே வகுப்புகள். பத்து வருஷப் போர், கடற்கரையில் இழுத்துப் போட்ட கப்பல்கள், கோபித்துக்கொண்டு கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்ட வீரன் என்று கதையைச் சொல்லி, ‘எழுத்து பரவாத காலத்தில் வாயால் பாடப்பட்டது, பதினைந்தாயிரம் வரிக்கு மேல்’ என்று கைடில் இருந்ததை ஒப்பித்திருந்தாள். வருஷா வருஷம் ஒப்பித்த வாக்கியம்தான். ஒருத்தி கேட்ட பிறகுதான் அந்த வாக்கியத்துக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. யார் அவர்? கையில் ஏதாவது வைத்திருந்தாரா, இல்லையா?

நிர்மலாதேவி கீழப்பாவூர்க்காரி. வயலும் வரப்புமாக இருந்த குடும்பம். பத்தாவது வரை தமிழ்வழியில் படித்து, பதினொன்றாவதில் தென்காசியில் ஆங்கிலப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முதல் நாள் வருகைப் பதிவின்போது என்ன சொல்வது என்று தெரியாமல் எழுந்து நின்றாள். அந்த நிற்றல் அவளை விட்டுப் போகவே இல்லை. எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, மணிக்கணக்கு விரிவுரையாளராகப் பதினாறு வருஷம் ஓட்டிய பிறகும், வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் யாரோ தன்னைக் கண்டுபிடித்துவிடப் போகிறார்கள் என்ற பதற்றம் இருந்துகொண்டே இருக்கும். ஆங்கிலம் பேசினால் கீழப்பாவூர் எட்டிப் பார்க்கும். தமிழ் பேசினால், இங்கிலீஷ் டீச்சர் என்னத்துக்குத் தமிழ் பேசுதா என்பார்கள். கிரேக்கத்தைப் பற்றிப் பேசுகிறாளே, கிரேக்க எழுத்து ஒன்றாவது தெரியுமா என்று ஒருநாள் எவராவது கேட்டால் என்ன செய்வது என்பது தனிப் பயம். தெரியாது. எல்லாம் மொழிபெயர்ப்பில் படித்ததுதான்.

கணவன் சுடலைமணி புளியறை சோதனைச் சாவடியில் தலைமைக் காவலர். கேரளத்துக்குப் போகிற லாரிகளை நாள் முழுக்க எண்ணிவிட்டு வருகிறவர். மனைவி கிரேக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுவது அவருக்குப் பிடிக்கும், சொல்லிக் காட்டமாட்டார்.

“ஏட்டி, அந்தக் கதயப் பாடின கெழவனுக்குக் கண்ணு தெரியாதுன்னுதான சொல்லுதாங்க?”

“அப்படி ஒரு கத. நெசமா ஒருத்தர்தான் இருந்தாரான்னே தெரியாதுங்க. பல பேரு பாடினத ஒண்ணாக் கோத்துட்டாங்கன்னும் சொல்லுதாங்க.”

“ஆளே இருந்தானான்னு தெரியாது, அவனுக்குக் கண்ணு இல்லன்னு மட்டும் தெரியுமாக்கும். எங்க எப்.ஐ.ஆர் தேவலாம்.”

கேள்விக்குப் பதில் தேடிப் போனவளுக்கு ஒரு செய்தி கிடைத்தது. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டு ஆய்வாளர்கள் பால்கன் மலைப்பக்கம் போய், எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பாடகர்கள் மனப்பாடம் செய்வதில்லை. நூற்றுக்கணக்கான தயார்ச் சொற்கட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, பாடப் பாடவே கதையைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். கிரேக்கத்திலும் அப்படித்தான் நடந்திருக்கவேண்டும் என்றார்கள். விடிந்தால் அதே வரி, வீரன் எழுந்தால் அதே அடைமொழி என்று திரும்பத் திரும்ப வருவதற்கு அதுதான் காரணமாம்.

அதைப் படித்த அன்று நிர்மலாதேவிக்கு உடம்பு சிலிர்த்தது. இதை அவள் கேட்டிருக்கிறாள். கொடைத் திருவிழா நடக்கிற கோயில்களில், வில்லில் மணி குலுங்க, குடத்தில் தாளம் விழ, மாடன் கதை ஒவ்வொரு தடவையும் ‘சந்தனம் பூசிச் சபையில் வந்தான்’ என்றுதான் ஆரம்பிக்கும். பால்கனுக்குப் போகவேண்டாம். வீட்டிலிருந்து டவுன் பஸ் இருக்கிறது.

அப்படித்தான் கீழப்பாவூர் மந்திரமூர்த்தி அண்ணாச்சியிடம் போய்ச் சேர்ந்தாள். அறுபதைத் தாண்டிய வில்லுப்பாட்டுக்காரர். அவர் பாடும் கல்லிடுக்கு மாடன் கதைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் மரியாதை அதிகம். ஒரே வருஷத்தில் இரண்டு கொடைகளில் அவர் பாடியதைப் பதிவு செய்தாள். மைக்குக்குப் பக்கத்தில் ரெக்கார்டரை வைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் குடம் மறைக்கும். அண்ணாச்சியின் முகமும் வில்லைத் தட்டும் வீசுகோல் பிடித்த கைகளும் மட்டும் தெரியும். பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போய்ப் பேட்டி எடுத்தாள். பார்த்துப் பாடுவது உண்டா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில், “எல்லாம் பாடந்தான் டீச்சர்.”

அதை ஆங்கிலத்தில் ‘எல்லாம் மனத்திலிருந்தே’ என்று மொழிபெயர்த்து எழுதிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் திருக்குறள் பாடமாகிவிட்டதா என்றுதானே கேட்பார்கள்? பாடம் என்றால் மனப்பாடம். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

நாலு வருஷம் கழித்து அந்தப் பதிவுகளை வைத்துப் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். மந்திரமூர்த்தி அதற்குள் இறந்துபோயிருந்தார். நெறியாளர் குற்றாலீஸ்வரன், பாளையங்கோட்டைக்காரர். ஒப்பிலக்கியம் என்றால் யாரும் சீந்தாத காலத்தில் அவளை ஏற்றுக்கொண்டவர். எட்டு வருஷம். ஆய்வேட்டின் உயிர் நாலாவது அத்தியாயத்தில் இருந்தது. அந்த அத்தியாயத்தின் உயிர் ஒரே ஒரு சொல்லில் இருந்தது.

கிரேக்கக் கதையில் ஒரு சிற்றரசன் ஓரிடத்தில் குத்துப்பட்டுச் சாகிறான். ஆயிரக்கணக்கான வரிகள் தள்ளி, தன் மகனின் பிணத்துக்குப் பின்னால் அழுதுகொண்டே நடந்து வருகிறான். எழுதியவர் என்றால் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருப்பார். பாடியவருக்கு அது முடியாது. இந்தச் சறுக்கல்தான் வாய்ப்பாட்டின் கைரேகை என்று எழுதியிருந்தாள். அதற்குச் சமமான கைரேகை மந்திரமூர்த்தியின் முதல் பதிவில் கிடைத்திருந்தது. மாடன் மலையேறுகிற இடத்தில் அவர் ‘காடி வந்து மறித்ததய்யா’ என்று பாடுகிறார். காடி என்பது மாட்டுக்கு வைக்கிற புளித்த தண்ணீர். அது எப்படி மலையில் வந்து வழி மறிக்கும்? பாடும் வேகத்தில் வாய்க்கு வந்த ஓசை என்றாள் நிர்மலாதேவி. இரண்டாவது பதிவில் மலையேறும் பகுதியே இல்லை. தன் சறுக்கலைத் தானே உணர்ந்த பாடகர் அடுத்த முறை அந்த இடத்தைத் தவிர்த்துவிட்டார் என்றாள். இருபத்தெட்டுப் பக்கம். கருத்தரங்கம் ஒன்றில் வாசித்தபோது கை தட்டினார்கள்.

கல்லூரி நிர்வாகம் சுற்றறிக்கை விட்டது. ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ரசீது காட்டாதவர்களுக்கு இனி வகுப்பு கிடையாது. அவளுடைய முனைவர் பட்டப் பதிவின் நீட்டிப்பு முடிவதும் அதே நாள்தான். குற்றாலீஸ்வரன் ஓய்வு பெறுவதும் அந்த மாதக் கடைசியில். மூன்று கதவும் ஒரே நாளில் சாத்திக்கொள்ளும் என்று அவள் நாட்காட்டியைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். ஆனாலும் எல்லாம் முடிந்திருந்தது. இன்னொரு பாடகரின் பதிவு ஒன்றை ஒப்பீட்டுக்குச் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் சார் சொன்னார்.

ஆனி மாதம் கடைசிச் செவ்வாய். இலஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு மாடன் கோயிலில் மத்தியானக் கொடை. குற்றாலத்து மலை மேகத்துக்குள் போயிருந்தது. சாரல் நின்று நின்று விழுந்தது. வில்லுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் சுகந்தி, மந்திரமூர்த்தியின் மகள். இப்போது அவளுக்கு நாற்பது நெருங்குகிறது. சித்திரையிலிருந்து ஆவணி வரை அவளுக்கு ஒருநாள்கூட ஓய்வில்லை. சொந்தமாக வேன், யூடியூபில் பார்க்க ஆயிரக்கணக்கில் ஆட்கள். நிர்மலாதேவி ரெக்கார்டரை வைத்துவிட்டுக் கூட்டத்தோடு உட்கார்ந்தாள்.

மாடன் மலையேறினான். சுகந்தி குரலை உயர்த்தினாள்.

‘காடி வந்து மறித்ததய்யா, கல்லிடுக்கு வழியினிலே.’

கூட்டத்தில் யாரும் அசையவில்லை. நிர்மலாதேவி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சறுக்கல் என்பது ஒருமுறைதான் நடக்கும். பன்னிரண்டு வருஷம் கழித்து, வேறொரு தொண்டையில், அதே இடத்தில் அதே சறுக்கல் வருமென்றால் அதற்குப் பெயர் வேறு.

சாமிக்குப் படப்புச் சோறு போட்டு, சாப்பாட்டுக்காகப் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சுகந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குடம் அடிக்கிறவர்.

“வாங்க டீச்சர். எத்தன வருசம் ஆச்சு. இங்கன உக்காருங்க. இலை போடச் சொல்லட்டா?”

“வேண்டாம், சாப்பிட்டாச்சு. சுகந்தி, மலையேறுத எடத்துல காடின்னு பாடினியளே, அது என்னது?”

“மாட்டுக்கு வைக்குத காடித் தண்ணிதான்.”

“அது எப்படி வழிய மறிக்கும்?”

குடம் அடிக்கிறவர் சோற்றோடு சிரித்தார். “நானும் இருபது வருசமா குடத்த அடிச்சிக்கிட்டே அதத்தான் கேக்கேன்.”

“சும்மா இருங்க மாமா. நானும் சின்னப்பிள்ளையில எங்கப்பாட்ட கேட்டேன் டீச்சர். ‘ஏட்டி, மாடன் போற வழியில காடியும் மறிக்கும், கஞ்சியும் மறிக்கும், நீ பின்பாட்ட ஒழுங்காப் பாடு’ன்னாரு.”

“மாத்திப் பாடினது கெடையாதா?”

“எப்படி மாத்த? பாடத்துல அப்படித்தான இருக்கு.”

“பாடம்னா?”

“பாடம்னா பாடந்தான்.” சுகந்தி இடது கையால் மடியிலிருந்து போனை எடுத்தாள். “அப்பா நோட்ட மடியில வச்சுத்தான் பாடுவாரு. அது நைஞ்சு நூலாப் போச்சு. நான் எல்லாப் பக்கத்தையும் போட்டோ புடிச்சு வச்சிருக்கேன். போனத் துண்டுக்கு மேல வச்சாப் போதும், பக்கம் பறக்காது பாருங்க.”

திரையில் கோடு போட்ட நோட்டுத் தாள். வயலட் மை. நேர்த்தியான பழைய கையெழுத்தில் ‘காடி வந்து’ என்று இருந்தது.

“அப்ப அவரு மனப்பாடமாப் பாடலையா?”

“மனப்பாடமுந்தான். அவருக்கு எல்லாமே தெரியும். ஆனா நோட்டு இல்லாம வில்லுல உக்காந்தாத் தப்புல்லா? சாமி கத. ஒரு வார்த்த கூடிறக் கூடாது, கொறஞ்சிறக் கூடாது.”

“ரெண்டாவது தடவ நான் பதிவு பண்ணினப்ப மலையேறினதயே பாடலியே.”

“நேரம் ஆயிருக்கும். படப்புக்கு நேரமாச்சுன்னா நாலு பக்கத்தத் தள்ளிருவாரு.”

நிர்மலாதேவி திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “இத யாரு எழுதினது?”

“எங்க தாத்தா. ஓலையப் பாத்துப் பேத்து எழுதினாராம். ஓலைய அப்பமே ஆடிப் பதினெட்டுக்குச் சித்தாத்துல விட்டுட்டாங்க. எழுதி முடிச்ச பொறவு அது எதுக்கு?”

ஓலைச்சுவடிப் பயிற்சி ஒன்றுக்கு அவள் பதினைந்து நாள் போயிருக்கிறாள். பழைய ஓலை எழுத்தில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம் என்று அங்கே முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். கரடி என்று எழுதினாலும் காடி என்று எழுதினாலும் ஓலையில் ஒரே கோடுதான். மாடனை மலையில் மறித்தது கரடி. தாத்தா ஓலையைப் பார்த்து எழுதும்போது அது காடியாகிவிட்டது. நோட்டில் ஏறியது வாயில் ஏறியது. அப்பன் பாடினான், மகள் பாடுகிறாள். அவள் கைரேகை என்று கொண்டாடியது பாடகரின் கைரேகை அல்ல. பேனா பிடித்தவரின் கைரேகை.

வீட்டுக்கு வந்ததும் பழைய பேட்டியைப் போட்டுக் கேட்டாள். சாயங்கால வெளிச்சம் இருந்தது, கரண்டும் இருந்தது, ஏதாவது ஒன்று இல்லாமலிருந்தால் தள்ளிப் போட்டிருக்கலாம். அவளுடைய குரல், இளசாக, கொஞ்சம் அதிகாரமாக, கேட்டது: “நீங்க பாத்துப் பாடுறது இல்லல்லா அண்ணாச்சி?” பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டிருக்கிறாள். அவருடைய பதில்: “எல்லாம் பாடந்தான் டீச்சர். பாடம் இல்லாம ஒரு வரிகூடப் பாடமாட்டோம்.”

இரண்டாவது வாக்கியம் ஆய்வேட்டில் இல்லை. முதல் வாக்கியத்தையே திரும்பச் சொல்கிறார் என்று நினைத்து விட்டிருந்தாள்.

பிறகு கொடைப் பதிவையும் போட்டாள். பாட்டுக்கு நடுவில் அங்கங்கே ஒரு சரசரப்பு. எழுத்துப்படியில் அந்த இடங்களிலெல்லாம் அடைப்புக்குறிக்குள் ‘காற்று’ என்று அவளே தட்டச்சு செய்திருந்தாள். குற்றாலச் சீசன் காற்று என்று நினைத்தாள். அது தாள் புரளும் ஓசை. நாற்பத்து மூன்று இடங்களில் காற்று என்று எழுதியிருந்தாள்.

இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

பாளையங்கோட்டைக்குப் போய் குற்றாலீஸ்வரனிடம் சொன்னாள். வீட்டில் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கும் உங்களுக்கும்தான் சார்.”

“அப்ப எதுக்கும்மா இத எங்கிட்ட சொல்லுதே?” அவர் கோபமாகச் சொல்லவில்லை. “சரி, சொல்லிட்டே. ரெண்டு வழி இருக்கு. இலஞ்சிக்கு நீ போகவே இல்லன்னு வச்சுக்கோ. இல்லன்னா ஒரு அடிக்குறிப்பு போடு. தகவலாளர் ஏடு வைத்திருப்பதை ஆய்வாளரிடம் மறைத்துவிட்டார், பின்னர் தெரியவந்ததுன்னு ரெண்டு வரி. முறையியல் சிக்கல்னு ஒரு தலைப்பக் குடு. உலகம் பூரா நடக்குததுதான். நாலாவது அத்தியாயம் கொஞ்சம் நொண்டும், ஆனா விழாது.”

“அவரு மறைக்கல சார். நாந்தான் கேக்கத் தெரியாமக் கேட்டேன்.”

“அது உனக்குத் தெரியும். செத்தவரு வந்து கேஸ் போடப் போறாரா?”

“உண்மையாவே எழுதிட்டா?”

“மூணாவது அத்தியாயம் வரைக்கும் ஏடே இல்லன்னு சொல்லிட்டு, நாலாவதுல ஏடு இருக்குன்னு சொன்னா அதுல நான் எப்படிக் கையெழுத்துப் போட? முழுசையும் திருப்பி எழுதணும். ரெண்டு வருசம் ஆகும். உனக்கு இருக்கது பத்தொம்பது நாள்.” பெட்டியை ஒட்டும் டேப்பைக் கையில் எடுத்தார். “நான் உனக்குக் கெடுதல் சொல்லல நிர்மலா.”

அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

புளியறையிலிருந்து வந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல் சுடலைமணி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு கரடிக்கா இந்தப் பாடு? போன மாசம் நெசக் கரடியே செக்போஸ்ட் பக்கம் ரோட்டத் தாண்டிச்சு. நாங்க அரைப் பக்கம் ரிப்போர்ட் எழுதிட்டு டீ குடிக்கப் போயிட்டோம்.”

“வெளையாடாதீங்க.”

“வெளையாடல. அந்த ரெண்டு வரிய எழுதிற வேண்டியதுதான?”

“அவரு பொய் சொன்னாருன்னு ஆயிரும்லா.”

சுடலைமணி பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். “செத்த ஆளு மேல பழியப் போடுதது லேசுதான். அவன் எதுத்துப் பேசமாட்டான்லா. ஆனா பொறவு அவன் வீட்டு வழியா நடக்கணும் பாரு, அதுதான் முடியாது.” பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தார். “நான் ஒண்ணும் சொல்லல தாயி. வகுப்பு போச்சுன்னா நீ வீட்டுக்குள்ளயே கெடந்து மறுகுவியேன்னுதான் பாக்கேன்.”

அந்தப் பத்தொன்பது நாளில் அவள் கிரேக்கத்தைப் பற்றித்தான் அதிகம் யோசித்தாள். செத்துப்போன சிற்றரசன் பிழைத்து வந்தது பாடகரின் மறதியால்தானா? எங்கோ ஒருவன் பார்த்து எழுதும்போது பெயரை மாற்றி எழுதியிருக்கக் கூடாதா? அந்தக் கண் தெரியாத பாடகருக்குப் பக்கத்தில் கண் தெரிந்த ஒருவன் கையில் எதையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருந்தால்? பாடினது முதலா, எழுதினது முதலா என்று இருநூறு வருஷமாகச் சண்டை போடுகிறார்களே, ‘இரண்டுமே பாடம்தான், நீங்கள் என்ன கேட்கிறீர்கள்’ என்று அந்தப் பாடகர்களும் சொல்லியிருப்பார்களோ? சுகந்தியிடம் போய்க் கேட்டதுபோல அங்கே போய்க் கேட்க ஒரு மகள் இல்லை. மிஞ்சியிருப்பது எழுத்து மட்டும்தான். தாள் புரண்ட ஓசையை யார் எந்த ஊரில் காற்று என்று எழுதி வைத்தார்களோ. இத்தனை நாள் அந்தக் கேள்விகள் அவளுக்கு ஒரு துணையாக இருந்தன. இப்போது ஒவ்வொன்றும் அவள் பக்கம் திரும்பி நின்றது.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சேக் தாவூது பாய் கடையில்தான் ஆய்வேடுகள் அச்சாகி, ரெக்ஸின் அட்டை போட்டு, தங்க எழுத்தோடு வரும். இருபத்தெட்டாம் தேதி காலையில் பென் டிரைவோடு போனாள்.

“ஃபைனல்தான டீச்சர்?”

“ஃபைனல்தான் பாய்.”

“இது உங்க ஏழாவது ஃபைனல். ஃபைல் பேரப் பாருங்க, ‘ஃபைனல் புதுசு கடைசி ரெண்டு’ன்னு இருக்கு. எம் மக நிலோபர் கல்யாணப் பத்திரிகையிலகூட இத்தன திருத்தம் பாக்கல நான்.” கம்ப்யூட்டரில் பக்கங்களை ஓட்டினார். “நாலாவது சாப்டர் மெலிஞ்சு போச்சே. இருபத்தெட்டு இருந்தது, பதினொண்ணு இருக்கு.”

“ஆமா பாய். தேவையில்லாதத எடுத்துட்டேன்.”

அந்தப் பதினோரு பக்கத்தில் எல்லாம் இருந்தது. நோட்டு, வயலட் மை, கரடி, காடி, காற்று, இரண்டாவது வாக்கியம். ஆய்வாளர் கேள்வியைத் தவறாகக் கேட்டார், தகவலாளர் சரியாகவே பதில் சொன்னார், ஆய்வாளருக்குத் தம் தாய்மொழிச் சொல் ஒன்றின் பொருள் பாதிதான் தெரிந்திருந்தது என்று ஒரு பத்தி. அதை ஆங்கிலத்தில் எழுதியபோது யாரோ கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு முதல்முறையாக வரவில்லை. முன்னால் இருக்கும் மூன்று அத்தியாயங்களைத் திருத்த நேரம் இல்லை. அவை பழையபடியே, தப்பாகவே நின்றன.

குற்றாலீஸ்வரன் கையெழுத்துப் போடவில்லை. நாலு பிரதிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து அந்தப் பதினோரு பக்கத்தை மட்டும் படித்தார். ஒரே விஷயத்தை நாலு தடவை எதற்குப் படிக்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. “இது நல்லா இருக்கும்மா,” என்றார் கடைசியில். “ஆனா இது ஆய்வேடு இல்ல.” டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு நாலையும் பையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். முப்பத்தொன்றாம் தேதி எல்லா நாளையும் போலச் சாதாரணமாக வந்து போனது. ஆகஸ்ட் முதல் வாரக் கால அட்டவணையில் அவள் பெயர் இருந்த கட்டங்களில் வேறு பெயர் இருந்தது. சக ஆசிரியைகள் விசாரித்தார்கள். கரடி, காடி என்று ஆரம்பித்தாள், அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லை, முடிக்கமுடியவில்லை என்று சொல்லிவிட்டாள்.

கடையநல்லூரில் மெஹர் பானு என்பவர் நடத்தும் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. வளைகுடாவுக்குப் போகிற ஆண்களுக்கு நேர்முகத் தேர்வில் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டும். அங்கே யாரும் கிரேக்கத்தைப் பற்றிக் கேட்கமாட்டார்கள்.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்புக்குப் போகுமுன் கீழப்பாவூருக்குப் போய், ஒரு பிரதியைச் சுகந்தி வீட்டுக்குக் கொண்டுபோனாள். வாசலில் வேனில் வில்லையும் குடத்தையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுகந்தி பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு வந்தாள்.

“பெரிய புஸ்தகமால்லா இருக்கு. இங்கிலீஷா? எங்கப்பா பேரு எங்கன இருக்கு?”

நிர்மலாதேவி பக்கத்தை எடுத்துக் காட்டினாள். சுகந்தி அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“என்ன போட்டிருக்கு டீச்சர்?”

“உங்கப்பா சரியாத்தான் சொன்னாரு, நாந்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்னு போட்டிருக்கு.”

“அதுக்கா பட்டம் குடுக்காங்க?”

“குடுக்கல.”

“இத எழுதினதாலயா?”

“ஆமா.”

சுகந்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பரிதாபப்பட்டாளா, எரிச்சல்பட்டாளா என்று சொல்லமுடியவில்லை. “அப்ப எதுக்கு அத எழுதினிய? அடிச்சிற வேண்டியதான? எங்கப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாருல்லா.”

வேன்காரன் ஹாரன் அடித்தான். “சுரண்டையில பாட்டு டீச்சர், நேரமாச்சு. பொறவு பேசுவோம்.” புத்தகத்தை முன் சீட்டில் வைத்துவிட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வைத்தாள். பறக்காமல் இருக்கட்டும் என்றுதான் வைத்திருப்பாள். வேன் திரும்பி, மெயின் ரோட்டில் ஏறிப் போனது.

கடையநல்லூர் வகுப்பு நாலு மணிக்கு. பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. எதற்கு எழுதினாய் என்று கேட்டாளே, அதற்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று நிர்மலாதேவி ரோட்டோரம் நின்று யோசித்தாள். ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது. தமிழில் ஒன்றும் வரவில்லை.